பூச்சிக்கு லைசென்ஸ் வேண்டுமா?

போன வாரம் இட்லி மாவைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேனாம். மறந்தே போனது. ஆறாம் வகுப்புப் படிப்பு, எழுத்தும் கோணல்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணன் கதை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வேலையும் விட்டாயிற்று, மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டார். துணைக்கு இருப்பது ஒன்றே ஒன்றுதான் — கப்பல்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. பழைய மீன் தொட்டியில் சுருண்டு கிடக்கும்.

பகலில் எழுதுகிறேன், சொல்லிவிடலாம். மலைப்பாம்பு. பேர் ராஜாத்தி.

அண்ணன் அதனோடு பேசுவது சுவர் தாண்டி எனக்குக் கேட்கும். "ராஜாத்தி, இன்னிக்கி மழைலா. காய் வாங்க பசார் போவல."

போன வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் வனவிலங்கு ஆபீஸ் தம்பி ஒருவர். நம் தமிழ்ப் பிள்ளை.

"அம்மா, பக்கத்து வீட்டுல பாம்பு வளக்கிறாங்களாமே? லைசென்ஸ் இல்லாம வளக்கக் கூடாதும்மா. சட்டம் இருக்கு."

விளக்கு வைத்த வேளையில் அந்தப் பேரைச் சொல்வார்களா? எங்கள் வீட்டில் அதற்குப் 'பூச்சி' என்றுதான் பேர்.

"பூச்சி ஒன்னு வச்சிருக்காரு தம்பி." உண்மையைத்தான் சொன்னேன்!

"பூச்சியா? அதுக்கெல்லாம் லைசென்ஸ் கிடையாதும்மா." சிரித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

தப்பித்தது... என்று பார்த்தால், அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வருகிறார்.

"யாரைப் பூச்சிங்கிற தங்கச்சி? ஒம்பதடி இருக்கா என் ராஜாத்தி! தம்பி, நீ உள்ள வந்து பாருலா!"

பார்த்தார்.

வெளியே வந்து வேர்வையைத் துடைத்தார். "அண்ணே, சில ஜாதிக்கு லைசென்ஸ் தருவாங்க. சில ஜாதிய வளக்கவே கூடாது. இது வெளிநாட்டு ஜாதி போல. கேட்டுட்டு மாசக் கடைசியில வர்றேன்."

"கூடாதுன்னா?"

"எடுத்துட்டுப் போயிருவாங்கண்ணே."

இந்த ஆண்பிள்ளைகளே இப்படித்தான். சட்டத்திடமிருந்து தப்பிக்கலாம், சொந்தப் பெருமையிடமிருந்து தப்பிக்க முடியுமா?

அன்றிலிருந்து அண்ணன் என்னோடு பேசுவதில்லை. ராஜாத்தியோடும் மெல்லத்தான் பேசுகிறார். சுவரில் காதை வைத்தாலும் கேட்கவில்லை.

ராஜாத்திக்கு வெள்ளை உடம்பு, மஞ்சள் புள்ளி. சட்டம் படித்த வாசகர்கள் யாராவது, இந்த ஜாதி வளர்க்கலாமா கூடாதா என்று மாசக் கடைசிக்குள் பார்த்துச் சொல்லுங்கள். நான் எழுதியதில் தப்பிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பகலில் வந்து சொல்லுங்கள்.