வரதனுக்குப் பக்கத்துக் கட்டில்

இந்த ஊரில் என்னை எடை பார்த்த பிறகுதான் உட்காரச் சொல்கிறார்கள். திங்கள், புதன், வெள்ளி காலை ஆறேமுக்காலுக்கு வின்னிபெக் நகரத்து டயாலிசிஸ் கூடத்துக்கு வந்துவிடுவேன். கோட்டு ஒன்று, குல்லாய் ஒன்று, கையுறை இரண்டு, பூட்ஸ் இரண்டு, எல்லாம் கழற்றிவிட்டு எடைமேடையில் ஏறினால், மரியா என்னும் பிலிப்பைன்ஸ் நாட்டு நர்ஸ் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் வணக்கம் சொல்வாள். ஏறியிருப்பது சதையல்ல, சிறுநீராய்ப் போக வழியில்லாத தண்ணீர். எனக்கு ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லி அனுமதி. மாத்திரை விழுங்கும் தண்ணீரும் ரசமும் அதற்குள் அடக்கம். முப்பத்தொரு வருடம் நில அளவைத் துறையில் இருந்தவனுக்கு இது பெரிய வேலையில்லை.

கூடத்தில் பன்னிரண்டு நாற்காலிகள், பன்னிரண்டு டிவி. யாரும் யாரோடும் பேசுவதில்லை. என் இடப்பக்கத்துக் கிழவர் போன மாதம் திடீரென்று வரவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டேன். "சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை, மிஸ்டர் ராகவன்" என்றாள் மரியா. அடுத்த முறை வந்தபோது அதே நாற்காலியில் வேறொருவர் படுத்திருந்தார். இரண்டு வருடம் பக்கத்தில் கிடந்த மனிதரின் பெயரும் தெரியாது, சாவும் தெரியாது.

ஐந்து வருடத்துக்கு முன் காஞ்சிபுரம் போயிருந்தபோது என் தம்பி வரதனுக்கு டயாலிசிஸ் தொடங்கியிருந்தது. அந்தக் கூடத்தில் ஏழு கட்டில், மூன்று ஃபேன், அதில் ஒன்று ஓடாது. வெளியே பெஞ்சில் கூட வந்தவர்கள் தூக்குப் பாத்திரங்களோடு உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கு எவ்வளவு கிரியேட்டினின் என்பது பெஞ்சுக்கே மனப்பாடம். ஒருவர் வராவிட்டால் அன்று மாலைக்குள் அவர் வீட்டு வாசலில் நாலு பேர் நிற்பார்கள். எனக்கு அந்த இரைச்சல் பிடிக்கவில்லை. பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். அடுத்த மூன்று வருடத்தில் என் சிறுநீரகங்கள் இரண்டும் இங்கே நின்றுபோயின.

இப்போது வரதனின் இதயம் தளர்ந்துவிட்டது. இன்னொரு வருடம் தாங்கினால் அதிகம் என்று அவனுக்கே சொல்லிவிட்டார்கள். போன ஆவணியில் போனில் கூப்பிட்டான்.

"எம் பக்கத்துக் கட்டிலு காலியாவுதுண்ணா. தை மாசம் மூணு வாரத்துக்கு உனக்குன்னு டாக்டர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். ரெண்டு பேரும் படுத்துக்கினு பேசிக்கினே ஓட்டிடலாம். வந்துடுப்பா."

மூன்று வாரத்துக்கு ஒன்பது முறை, முறைக்கு நாலு மணி, ஆக முப்பத்தாறு மணி நேரம். எங்கள் ஆயுளில் இருவரும் சேர்ந்தாற்போல் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

பயணக் கடிதம் தர இங்குள்ள டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். மூன்று மாதம் தொடர்ந்து ரத்தத்தில் பொட்டாசியம் வரம்புக்குள் இருக்க வேண்டும். அது கூடினால் நடுவானில் இதயம் நின்றுவிடும். இரண்டு மாதம் தேறினேன். மூன்றாவது ரத்தம் எடுக்கும் திங்கள்கிழமைக்கு முந்தின நாள் ஏகாதசி.

பதினெட்டு வயதிலிருந்து ஐம்பத்திரண்டு வருடம், வருடத்துக்கு இருபத்துநாலு ஏகாதசி இருந்தவன் நான். தவறியவை மூன்று. டயாலிசிஸ் வந்தபின் விட்டுவிட்டேன். இந்த ஒன்றை மட்டும், பயணம் கூடிவர வேண்டுமென்று வரதராஜப் பெருமாளை வேண்டிக்கொண்டு இருந்தேன். சோறு, பருப்பு, காய் எதையும் தொடவில்லை. வாழைப்பழம் மூன்று, ஆரஞ்சு ஒன்று, அட்டைப் பெட்டி இளநீர் முந்நூறு மில்லி. இளநீரை எண்ணூறில் கழித்துக்கொண்டேன். பழத்தில் பொட்டாசியம் உண்டென்று டயட்டீஷியன் கொடுத்த தாளில் படித்தவன்தான். நாள் முழுக்கச் சாப்பிடாததற்கு அது ஈடாகிவிடும் என்று நானே ஒரு கணக்குப் போட்டேன்.

பொட்டாசியம் வரம்பைத் தாண்டியிருந்தது. பரிசோதனை முடிவு வந்ததும் மரியா ஓடிவந்தாள்.

"நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?"

"ஒன்றுமில்லை. பழம் மட்டும்."

அவள் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, "வீட்டில் உங்களுக்குச் சாப்பாடு தருகிறார்களா?" என்றாள்.

விரதம் என்று சொன்னேன். தலையாட்டினாள். ஆனாலும் மறுநாள் வீட்டுக்கு ஒரு சமூக சேவகி வந்து, என் மருமகளிடம் ஃபிரிட்ஜைத் திறந்து காட்டச் சொன்னாள். மகன் ஆபீஸிலிருந்து வந்து கத்தினான்: "உங்கள யாருப்பா பட்டினி கெடக்கச் சொன்னது? கெழவனுக்குச் சோறு போடறியான்னு என்னைக் கேட்டுட்டுப் போறாங்க!"

டாக்டர் கத்தவில்லை. அடுத்த மாதத்திலிருந்து மறுபடி மூன்று எண்ணுவோம் என்றார். எண்ணி முடிப்பதற்குள் தை போய்விடும்.

வரதனிடம் சொன்னேன்.

"இன்னாண்ணா நீ. பெருமாளு உன்னை வாழப்பழமா கேட்டாரு? ஊரையே சங்கிலி போட்டு அளந்தியே, ஒரு பழத்த அளக்கத் தெரியல."

ஒரு வாரம் அந்தக் கட்டிலைப் பிடித்துவைத்துப் பார்த்தான். பிறகு அதைத் திருப்புட்குழியிலிருந்து வரும் ஓர் அம்மாளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதுவரை வாரம் மூன்று முறை வேலூர் போய்வந்தவராம். நியாயம்தான். நியாயம் என்று எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள முயன்றேன், முடியவில்லை.

இங்கே காலை ஏழு என்றால் அங்கே மாலை ஆறரை. ஒரே நேரத்தில் இருவருக்கும் ஊசி ஏறுகிறது. அவனைக் கூப்பிட்டு, போனை நெஞ்சின் மேல் வைத்து ஒலியைத் திறந்துவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை பேசிக்கொண்டிருந்தவன், "கொஞ்சம் அசதியா இருக்குதுண்ணா, வெச்சிடாத" என்றான். நான் வைக்கவில்லை. அந்த அம்மாள் அவனிடம் ஏதோ கேட்பது காதில் விழுந்தது. யாரோ தூக்குப் பாத்திரத்தை மூடினார்கள். அப்போது இயந்திரத்தின் எச்சரிக்கை மணி அடித்தது. இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி இயந்திரம், ஒரே மணி. ஊசி குத்திய கையை அசைக்காமல் கிடந்தேன். மரியா வேகமாக வந்து என் இயந்திரத்தைப் பார்த்தாள். அதில் ஒரு குறையும் இல்லை என்றாள்.

மணி என் நெஞ்சின் மேல் அடித்துக்கொண்டேயிருந்தது. "வரதா" என்றேன். பன்னிரண்டு நாற்காலிகளில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.