எட்டாவது இலை

இது நேற்று நடந்தது. நான் வேதியியல் படித்தவள். அளக்க முடியாததை நம்ப மாட்டேன். இதையும் அளந்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அக்காவுக்கு இது ஏழாவது மாதம். முதல் குழந்தை. அதற்குப் பஞ்சு வைத்த போர்வை தைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தேன். எங்கள் வீட்டில் இருப்பது பொழுதுபோக்குக்கான சின்ன லாங்ஆர்ம் மெஷின். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, தண்டவாளத்தில் ஓடும் மெஷினைக் கைப்பிடியால் நகர்த்தித் தைக்க வேண்டும். ஊசி ஒரே வேகத்தில் ஓடும். கை தயங்கினால் தையல் நெருங்கும், விரைந்தால் நீளும். நான் தைப்பதெல்லாம் கோழி கிளறிய மாதிரி இருக்கும்.

தொழில்முறை மெஷின் அப்படியில்லை. கை நகர்ந்தால்தான் ஊசி ஓடும். அங்குலத்துக்குப் பத்துத் தையல், அச்சடித்தாற்போல. மாதிரித் தாளைப் பார்த்துத் தைக்கப் பின்பக்கமும் இரண்டு கைப்பிடிகள் உண்டு. பழையது ஒன்று விற்பனைக்கு வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, வீட்டில் தைத்த மாதிரித் துணியோடு விற்பவர் வீட்டுக்குப் போனேன். அக்காவும் வந்தாள்.

அவர் நடுத்தர வயதுக்காரர். என் துணியைச் சட்டத்தில் கட்டிக் கொடுத்தார். போன் வந்ததும் வெளியே போனார். மதியம் 2.10.

“ஏ விஞ்ஞானி, பிடிச்சு ஓட்டு. கடிக்காது,” என்றாள் அக்கா, மூலை நாற்காலியில் உட்கார்ந்தபடி.

ஓட்டினேன். ஒரு கொடி. ஒரு இலை. வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது இலையில்... என் கைக்கு முன்னால் மெஷின் போனது.

தண்டவாளம் சரிவாக இருக்கும் என்று நினைத்தேன். நிறுத்தி, நூல்கண்டை அதன்மேல் படுக்க வைத்தேன். உருளவில்லை.

மறுபடி பிடித்தேன். மூன்று. நான்கு. அவை நான் போடும் இலைகள் அல்ல. நுனி கூராக, நரம்போடு...

2.17. கையை எடுத்துவிட்டேன்.

டக்டக்டக்டக்...

நிற்கவில்லை.

“அவங்களும் மாசமாத்தான் இருக்காங்க போல,” என்றாள் அக்கா மெல்ல. “வயிறு இடிக்காம எவ்ளோ லாவகமா பிடிக்கிறாங்க பாருடி.”

“யாரு?”

“பின்னாடி நிக்கிறவங்க.”

மெஷினுக்குப் பின்னால் வெறும் சுவர்தான் இருந்தது.

ஐந்து. ஆறு. ஏழு. எட்டாவது இலையின் பாதியில்...

டக்.

அக்காவை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இன்று காலை 9.40-க்கு மெஷின் விற்பவர் போன் செய்தார்.

“ஏம்மா, பிடிக்கலையா? துணியைக்கூட விட்டுட்டுப் போயிட்டீங்க.”

“அதுல... யாரு தச்சுக்கிட்டிருந்தாங்க?”



“என் வீட்டுக்காரி. வயித்துல இருந்த பிள்ளைக்குப் போர்வை தச்சா. பின்பக்கம் நின்னுதான் தைப்பா. மாசத்துக்கு ஒரு இலை. எட்டாவது இலை பாதியில... ரெண்டு பேருமே போயிட்டாங்கம்மா.”

போனை வைத்துவிட்டு என் அறைக்குப் போனேன். சின்ன மெஷினில் அக்காவின் போர்வை கட்டியிருந்தது. நான்கு நாளாக நான் அதைத் தொடவில்லை. வெறும் துணியாகத்தான் விட்டிருந்தேன்.

அதில் ஒரு வரிசை இலைகள்.

நுனி கூராக. நரம்போடு.

சின்ன மெஷினுக்குப் பின்பக்கக் கைப்பிடி கிடையாது. அளவுகோலை எடுத்தேன். எண்ணினேன். அங்குலத்துக்குப் பத்து. பத்து. பத்து.

ஏழு இலைகள். எட்டாவது... பாதி.

“போர்வை ஆச்சாடி?” பக்கத்து அறையிலிருந்து அக்காவின் குரல். “நாளைக்கு எனக்கு எட்டாம் மாசம் பொறக்குது.”