அம்மா ஹாஃப் கிளட்சில் ஓட்டியவர் அல்லர்

எங்கள் அம்மா இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது. இந்த நினைவு மலரில் அவருடைய அன்பையும் பொறுமையையும் எழுதச் சொன்னார்கள். அன்பு நிறைய உண்டு, பொறுமை கொஞ்சம்தான். ஆனால் அதற்கு முன் ஒரு சொல்லுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சாவு வீட்டிலேயே, அம்மாவைக் குளிப்பாட்டும் முன்பே, எங்கள் சித்தப்பா நாலு பேர் நடுவில் சொன்னார்: "அண்ணி நல்லவங்கதான். ஆனா ஹாஃப் கிளட்ச்லயே ஓட்டி வண்டியப் பாழாக்கிட்டாங்கோ."

கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஓட்டி அதைத் தேய்க்கிறவர் என்பது ஓட்டுநருக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

அம்மா ராயபுரத்தில் பிறந்து, கல்யாணமாகித் திருவொற்றியூர் வந்தவர். அப்பா போன பிறகு, நாற்பது வயதில் லைசென்ஸ் எடுத்தார். ஒரு டர்போ டீசல் கார் வாங்கி, காட்டுப்பள்ளியில் ஒரு கம்பெனியில் வேலை செய்யும் நான்கு பெண்களைக் காலை ஷிப்ட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவந்தார். நானும் தம்பியும் சாப்பிட்ட சோறு அந்த ஒரு ஒப்பந்தத்தில் வந்தது.

ஒரு ஆடி மாதம் கார் இழுக்க மறுத்தது. காலியாக ஓடினால் குறையே தெரியாது. நால்வரும் ஏறி மேம்பாலம் ஏறினால் மூன்றாம் கியரில் மூச்சு முட்டும், பின்னால் கரும்புகை வரும். இரண்டு நாள் தாமதமானது. இன்னொரு நாள் தாமதமானால் வேறு வண்டி வைத்துக்கொள்வோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

சர்வீஸ் சென்டர்காரர் அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. துணைக்கு வந்த சித்தப்பாவிடம், லேடீஸா ஓட்டுகிறார்கள் என்று கேட்டார். சித்தப்பா தலையாட்டினார். அப்படியானால் கிளட்ச் தேய்ந்திருக்கும் என்று தீர்ப்பாகிவிட்டது. அடேயப்பா, என்ன பரிசோதனை!

அம்மா விடவில்லை. "கிளட்ச் வழுக்கினா இஞ்சின் கத்தும், வண்டி போவாது. இங்க இஞ்சின் வேகமே ஏற மாட்டேங்குது. மீட்டர் முள்ளப் பாருபா," என்றார். ஒருவரும் பார்க்கவில்லை. கிளட்சை மாற்றினார்கள். கழற்றிய பழைய பிளேட்டை அம்மா கேட்டு வாங்கி, பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தார். மறுநாள் அதே பாலம், அதே மூச்சுத்திணறல்; முன்கூட்டியே கிளம்பியதால்தான் தாமதமாகவில்லை. அடுத்த முறை, இஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவே போய்விட்டது என்றார்கள்.

அம்மா அப்போதுதான் ஒன்றைக் கவனித்தார். காட்டுப்பள்ளி போகும் வழியில் எண்ணூர் கரித்தூளில் ஓடும் வண்டி கருப்பாகத்தான் வரும். அதனால் சர்வீஸ் சென்டரில் முதல் வேலை இஞ்சினுக்குத் தண்ணீர் அடிப்பது. டர்போவிலிருந்து இஞ்சினுக்குக் காற்று போகும் ரப்பர் குழாய் கிழிந்தால், காற்றோடு எண்ணெயும் கசியும். கசிந்த இடத்தில் கரி அப்பிக்கொள்ளும். அதைக் கழுவிவிட்டுக் குறையைத் தேடினால் எந்த ஜென்மத்தில் கிடைக்கும்?

மூன்றாம் முறை அம்மா பானெட்டின் முன் நின்றுகொண்டார். "தண்ணி ஊத்தாத நைனா. அந்த அழுக்குதான் எனக்குச் சாட்சி," என்றார். குனிந்து, குழாயின் அடிப்பக்கம் களிபோல் அப்பியிருந்த கரியை விரலால் வழித்தார். உள்ளே ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். நிறுத்திய வண்டியில் அது மூடிக்கிடக்கும், பாரம் ஏறி அழுத்தம் கூடும்போதுதான் வாய் பிளக்கும். குழாயை மாற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் நால்வரும் நேரத்துக்கு வேலைக்குப் போனார்கள். மன்னிப்பு மட்டும் இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

கடைசி வாரம் மருத்துவமனைக்குப் போகும்போதுகூட, பின்சீட்டில் படுத்தபடி தம்பியிடம், "ரெண்டாவதுல போடு, வண்டி திணறுது பாரு," என்றார். அதுதான் அவர் கடைசியாகச் செய்த பயணம்.

முறைவைத்து அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுவந்த அந்த நான்கு பெண்களுக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும் நாங்கள் கடன்பட்டவர்கள். சித்தப்பாவுக்கும் நன்றி. சுடுகாடுவரை அம்மாவைச் சுமந்த அவர் தோளுக்கு நன்றி, வாய்க்கு இல்லை.

இன்று அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் அந்தப் பழைய கிளட்ச் பிளேட்டை வைத்திருக்கிறேன். அது பாதிகூடத் தேயவில்லை. படையல் முடிந்ததும் சித்தப்பா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் இலையில் உட்கார வேண்டும்.