பச்சைக் கதவருகே இடதுபுறம் திரும்பவும்

பாலூரில் பொன்னியம்மாள் வீட்டுத் தெருக்கதவுக்கு ஜீவரத்தினம் பச்சை பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார். அவர் பெயின்டர் இல்லை. பொன்னியம்மாள் அவருக்கு உறவும் இல்லை. தாம்பரத்தில் ரயிலேறி, செங்கல்பட்டில் காஞ்சிபுரம் பாசஞ்சருக்கு மாறி, ஒரு டப்பா பெயின்டும் பிரஷ்ஷுமாகச் சனிக்கிழமை மத்தியானம் வந்து இறங்கியிருக்கிறார்.

“பொங்கலுக்குத்தான் நீலம் அடிச்சோம்” என்கிறார் பொன்னியம்மாள்.

“அடிச்சிருக்கக் கூடாதும்மா. புக்குல பச்சைன்னு போட்டுகீது.”

“ஜன்னலுக்கு இன்னா கலர் போட்டுகீது, பாருங்க.”

ஜன்னலைப் பற்றிப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை. அந்த அம்மாளுக்கு அதில் வருத்தம்தான்.

புத்தகத்தின் பெயர் ‘ரயிலேறி நடப்போம்’. முப்பத்திரண்டு பக்கம். எழுதியவர் ஜீவரத்தினமேதான். தாம்பரத்திலிருந்து ரயிலில் போய் இறங்கி, ஏரிக்கரை, மலையடி, ஆற்றோரம் என்று நடந்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்ப எட்டு வழிகள் அதில் இருக்கின்றன. எண்பத்தைந்தில் பெருமழை விட்ட கையோடு எட்டையும் நடந்து பார்த்து எழுதினார். வழிகளில் குற்றமில்லை. ஊர்க்காரர்கள்தான் புத்தகம் வந்த பிறகு அடங்கி இருக்கவில்லை. கதவுக்கு வேறு வண்ணம் பூசினார்கள், மரத்தை வெட்டினார்கள், டீக்கடையைத் தூக்கி எதிர்ப்பக்கம் வைத்தார்கள்.

வேறு யாராக இருந்தாலும் புத்தகத்தைத் திருத்தியிருப்பார்கள். ஜீவரத்தினம் ஊரைத் திருத்துகிறார்.

திருத்துவதுதான் அவர் பிழைப்பு. மேற்குத் தாம்பரத்தில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறார். பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகை. “இருவத்தாறு வருசத்துல என் கைல ஒரு மாப்ள கூட மாறினதில்ல சார்” என்பார், அத்தனை கல்யாணத்தையும் தானே நடத்திவைத்த மாதிரி. காதில் எந்நேரமும் ஒரு சிவப்புப் பென்சில். ஹோட்டலுக்குப் போனால் பலகையில் இருக்கும் தப்பையெல்லாம் திருத்திவிட்டுத்தான் தோசை சொல்வார். ஆனால் அவருடைய புத்தகத்தில் ‘பிழைதிருத்தம்’ என்று ஒரு துண்டுச் சீட்டு ஒட்டலாமே என்றேன் ஒருநாள். “ஒட்டிட்டா நான் மீசைய எடுத்துடுவேன்” என்றார். பெரிய மீசை அது.

பாலூர் போகும் நாலாம் வழியில் ‘கறுப்பு எருமை கட்டியிருக்கும் புளியமரத்தைத் தாண்டி இறங்கவும்’ என்று வருகிறது. எருமையைச் சொந்தக்காரர் விற்றுவிட்டார். நாங்கள் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துக் கொல்லைத் தனக்கோடியின் எருமை அங்கே நிற்கிறது. இவரே புல் அறுத்துப் போட்டுக் கட்டவைக்கிறார்.

“மாடு மேய வேணாமா சார்?” என்று தனக்கோடி கேட்டாராம்.

“மேயறது பத்தி புக்குல இல்லண்ணா.”

ஜீவரத்தினத்தின் மனைவி கனகவல்லியிடம் கேட்டால் வேறு கதை வரும். “எங்க வூட்டுக் கதவு எட்டு வருசமா பல்ல இளிச்சுகினு கீது. அதயும் புக்குல எழுதச் சொல்லுங்க, அப்பவாவது அடிப்பாரு.”

நாங்கள் என்பது பத்தொன்பது பேர். மாதத்தில் ஒரு ஞாயிறு இயற்கையை ரசிக்கப் போகிறோம். ரயிலிலேயே இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துவிடுவோம். இறங்கியதும் ஆளுக்கொரு புத்தகத்தைக் கையில் பிடித்து, கதவு சரியா, மரம் சரியா என்று பார்த்துக்கொண்டே போவோம். ஆறு வருடத்தில் நான் ஒரு கொக்கைக்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை.

போன வருடம் எங்களோடு வேதாசலம் வந்து சேர்ந்தார். சேலையூர்க்காரர், ரிட்டயரான சர்வேயர், பையில் டேப் வைத்திருப்பவர். அவரும் எட்டு வழிகளை எழுதி வைத்திருக்கிறார். அதில் கதவும் இல்லை, எருமையும் இல்லை. ‘நூற்று இருபது மீட்டரில் இடதுபுறம்’ என்று இருக்கும். ஜீவரத்தினத்தின் புத்தகத்தில் பதினோரு தப்பு கண்டுபிடித்துச் சொன்னார். ஒவ்வொன்றும் அடுத்த மாதத்துக்குள் சரியாகிவிட்டது. கடைசியில் மே மாதம், பாலூர் போகும் ரயிலில் வைத்து முடிவானது: இன்று ஒரு தப்பைக் கண்ணால் பார்த்துவிட்டால் இனிமேல் வேதாசலத்தின் வழிதான். எல்லோரும் தலையாட்டினார்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது, நானும் ஆட்டினேன்.

கதவு பச்சையாக இருந்தது. எருமை கறுப்பாக இருந்தது. ஜீவரத்தினம் முன்னால் மீசையைத் தடவிக்கொண்டே நடந்தார். கரையேறி இறங்கினோம். பாலாறு கண்ணுக்கெட்டிய தூரம் மணலாகக் கிடந்தது. அதிலும் லாரிச் சக்கரத் தடங்களும் அள்ளிய பள்ளங்களும். வேதாசலம் புத்தகத்தைப் பிரித்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உரக்கப் படித்தார்:

“‘இங்கே செருப்பைக் கழற்றிவிட்டு ஆற்றில் காலை நனைத்துக்கொள்ளவும்.’ கழட்டறேன் மிஸ்டர் ஜீவரத்தினம். எங்க நனைக்கிறது?”

நிஜமாகவே ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு நின்றார். மணல் சுட்டதால் காலை மாற்றி மாற்றி வைத்தார். எல்லோரும் சிரித்தோம்.

ஜீவரத்தினம் சிரிக்கவில்லை. மண்டியிட்டுக் கையால் மணலைத் தோண்ட ஆரம்பித்தார். பாலாற்றில் தோண்டினால் ஊற்று வரும் என்பது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். மணலை லாரியில் ஏற்றிவிட்ட ஆற்றில் வருமா என்பது யாருக்கும் தெரியாது. முழங்கை அளவு போனது. பக்கம் சரிந்து மூடியது. மறுபடி தோண்டினார். நகத்தில் ரத்தம் கட்டியது. காதுப் பென்சில் குழிக்குள் விழுந்ததை அவர் எடுக்கவில்லை. பார்க்கச் சகிக்காமல், “விட்டுடுங்க சார், சீட்டு ஒட்டிக்கலாம்” என்றேன். காதில் வாங்கவில்லை.

தோள் வரைக்கும் கை போனது. தண்ணீர் வரவில்லை. மணல் மட்டும் கொஞ்சம் கறுத்து ஈரமாக வந்தது. அதில் ஒரு பிடி அள்ளி, முழங்காலாலேயே நகர்ந்து வந்து, வேதாசலத்தின் வலது பாதத்தில் அப்பினார். அப்பிய மணலை இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினார். விரலிடுக்கில் ஒரு சொட்டு திரண்டு கீழே விழுந்தது.

“நனைஞ்சுதா சார்?”

வேதாசலம் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

ஜீவரத்தினம் குழிக்குத் திரும்பி அடுத்த பிடியை அள்ளினார்.

“அந்தக் காலயும் குடுங்க.”