நான் சொல்லும்வரை நகராதே

என்னைவிடப் பெரிய முட்டாள் டெல்லியில் இருந்தால் சொல்லுங்கள், என் நாற்காலியை அவருக்கே கொடுத்துவிடுகிறேன். லோதி ரோடு ஆபீசில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் செய்வது, பேரிடர்க் கையேடுகளைத் தமிழில் எழுதுவது. "புயல் எச்சரிக்கை வந்தால் பெண்கள் வீட்டு ஆண்களின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம்" என்று அன்று காலைதான் எழுதி, கீழே கோடு வேறு போட்டிருந்தேன்.

மத்தியானம் தங்கைக்குப் போன் செய்தேன். வேதாரண்யம் பக்கம், கடலோரக் கிராமத்தில் ஓட்டு வீடு. இரண்டு பிள்ளைகள். கணவர் துபாயில். ஆகவே அந்த வீட்டின் ஆண் நான்தானாம். டெல்லி மோதி பாக் அரசு குவார்ட்டர்ஸில் பல்லியைத் துரத்த மனைவியைக் கூப்பிடும் ஆண்.

"மகளிர் குழுவுல எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போறோம்ணே. வயசானவங்கள யார் கூட்டிட்டு வர்றதுன்னுகூடப் பிரிச்சாச்சு."

"குழுவுக்கு என்ன தெரியும்? நான் மேப் பாத்துக்கிட்டே இருக்கேன், புயல் திரும்பிடும். நான் சொல்ற வரைக்கும் வீட்டை விட்டு நகராத."

"சரிண்ணே."

புயல் திரும்பத்தான் செய்தது, அவள் ஊரை நோக்கி. பதறிப்போய்க் கூப்பிட்டேன். போன் அணைந்து கிடந்தது. மறுபடி, மறுபடி, அதே.

"என் தங்கச்சி தைரியசாலி, கிளம்பியிருப்பா" என்றேன் மனைவியிடம்.

"அவ என்னை மாதிரி இல்லீங்க. நீங்க சொன்னா கேப்பா" என்றாள்.

அந்த "சரிண்ணே" இரவு முழுக்கக் காதில் நின்றது.

காலையில் டிவியில் கூரையில்லாத சுவர்களைக் காட்டினார்கள். எந்த ஊர் என்று சொல்லவில்லை. ஆபீஸ் மேஜையில் நான் கோடு போட்ட வரி அப்படியே கிடந்தது. ஃபைலைக் கவிழ்த்து மூடினேன். டீயில் பாதியை என் சட்டைதான் குடித்தது. பிள்ளைகள்மேல் ஓடு சரிவதைத் தவிர வேறெதுவும் கண்ணில் வரவில்லை.

பதினொரு மணிக்குத் தெரியாத நம்பர்.

"அண்ணே, நாந்தான். இந்தப் போன்லதான் டவர் கெடைக்குது. ஓடு பூரா போச்சு. பிள்ளைங்க நல்லாருக்கு. பள்ளிக்கூடத்துலதான் இருக்கோம்."

யாரும் பார்க்காதிருக்க ஆபீஸ் மாடிப்படிப் பக்கம் ஒதுங்கினேன்.

"எப்பம்மா போன?"

"நேத்து நீங்க பேசி முடிச்ச ஒடனே."

அழுவது தெரியாதிருக்க அதிகாரக் குரலில் அதட்டினேன். "அப்புறம் போனை ஏன் அணைச்சு வச்ச?"

"நீங்க திரும்பக் கூப்புடுவீங்கன்னுதான்."