இருபது நிமிடத்தில் நின்ற இரத்தம்

சுன்னத்து வைத்த நாளில் என் இரத்தம் நிற்கவில்லை. எனக்கு ஹீமோபீலியா (இரத்தத்தை உறையவைக்கும் புரதம் குறைந்த பிறவி நோய்) இருப்பது அப்படித்தான் தெரிய வந்தது. பிறகு முப்பது வருடங்கள் மூட்டு வீக்கத்தோடும் ஊசியோடும் போயின.

வெளிநாட்டில் வேலை பார்த்தபோது மரபணு சிகிச்சை (சரியான மரபணுவை, தீங்கு செய்யாத வைரஸில் ஏற்றி ஈரலுக்கு அனுப்பும் முறை) பரிசோதனை ஒன்றில் சேர்ந்தேன். ஒரே தடவை மருந்து ஏற்றினார்கள். பதினைந்து வருடக் கண்காணிப்புக்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டேன். என் ஊரான அக்குறணைக்குத் திரும்பிய பின், பக்கத்துக் கண்டியில் ஒரு டொக்டர் வருடம்தோறும் என் இரத்தத்தை எடுத்து அங்கே அனுப்பினார்.

நான்காம் வருடப் பரிசோதனைக்கு இரண்டு நாள் இருக்கையில் முஸ்லிம்களுக்கு எதிராகக் கலவரம் வந்தது. தெல்தெனியப் பக்கம் கடைகள் எரிவதாகக் கேள்விப்பட்ட மறுநாள், எங்கள் ஜன்னலுக்கும் கல் வந்தது. கண்ணாடி என் முன்கையைக் கிழித்தது. ஊரடங்கு. ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. வீட்டில் இரத்தத்தை உறையவைக்கும் ஊசிமருந்தும் இல்லை. இனித் தேவைப்படாது என்று நம்பியிருந்தேன்.

மனைவி ரிஸ்னா துணியால் அழுத்திப் பிடித்தாள்.

“தூக்கித் தூக்கிப் பாக்காதீங்க. அசையாம சும்மா ஈங்க.”

என்னால் முடியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். இருபது நிமிடத்தில் இரத்தம் நின்றது. நின்ற பிறகும் மணிக்கூட்டையும் கையையும் மாறி மாறிப் பார்த்தபடி அறைக்குள் நடந்தேன். தெருவில் சத்தம் அடங்கவில்லை.

ஊரடங்கு தளர்ந்ததும் கண்டிக்குப் போனேன். டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரி. படிவத்தைப் பார்த்துக் கேட்டார்:

“போன தடவைக்குப் பிறகு வழமைக்கு மாறா ஏதும் நடந்ததோ?”

“வீட்டுக்குக் கல்லடிச்சாங்க, டொக்டர். அதையும் எழுதுவீங்களா?”

பேனை சற்று நின்றது. “ஓம், எழுதுவம். அதாலதானே காயம்.”

முடிவு வர மூன்று வாரமானது.

“உறையவைக்கிற புரதத்தின்ர அளவு கொஞ்சம் இறங்கியிருக்கு. இப்போதைக்கு இது காணும், ஊசி தேவையில்லை. எவ்வளவு காலம் நிக்குமெண்டு எங்களுக்கும் தெரியாது. உங்களைப் பாத்துத்தான் தெரிய வரும்.”

இதே சிகிச்சையை யோசிப்பவர்கள் என்னிடம், “குணமாகிவிட்டதா?” என்று கேட்கிறார்கள். இந்த வருடம் உறைகிறது என்கிறேன். மகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறேன், முன்பு முடிந்ததில்லை. ஏறும்போதே, மூட்டுக்குள் இரத்தம் கசிந்தால் வரும் சூடு எங்காவது தெரிகிறதா என்று உடம்பைக் கவனிக்கிறேன். பழைய உடம்பு போய்விட்டது. புதியதை இன்னும் முழுதாக என் கையில் தரவில்லை. வருடம் வருடமாகத்தான் தருகிறார்கள்.