தும்பிக்கை வைத்த வண்டி

என் கணவருக்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று, யார் கூப்பிட்டாலும் போய்விடுவார். இன்னொன்று, அவருடைய ஜீப். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் போன வருஷ மழையில் பார்த்தேன்.

நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி அது. பழையதாக வாங்கினார். பருத்திப்பட்டிலிருந்து அம்பத்தூர் ஆபீசுக்குப் போய்வர இப்படி ஒரு வண்டி எதற்கு என்று நான் கேட்காத நாள் இல்லை. அவர் ஏறிய மலையெல்லாம் எங்கள் தெரு வேகத்தடைதான். ஆனால் எங்கள் அன்பியத்தில், அதாவது பக்கத்துத் தெருக்களில் இருக்கிற எங்கள் சர்ச்சின் பங்குக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிற குழுவில், மழைக்காலத்தில் அந்த ஜீப்புக்கு இருக்கிற மரியாதை பங்குச் சாமியாருக்குக்கூடக் கிடையாது. தெருவில் முழங்கால் தண்ணீர் வந்ததும் எல்லோருக்கும் என் கணவர் ஞாபகம் வந்துவிடும்.

போன வருஷம் வெள்ளானூரில் அன்பியத்தைச் சேர்ந்த ஒரு வயதான தம்பதியின் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கூப்பிட்டார்கள், மதியமே கிளம்பிப் போனார். ஏரியின் உபரிநீர்க் கால்வாயை ஒட்டிய சாலையில் இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறி வண்டி நின்றுவிட்டது. போனும் நனைந்து செத்துவிட்டது. அந்தத் தம்பதியைப் படகில் வந்தவர்கள் கூட்டிப்போனார்கள். இவர் மார்பளவு தண்ணீரில் நடந்து, இருட்டுகிற நேரத்தில் வீடு வந்து சேர்ந்தார். அதுவரை நான் பால்கனியில் நின்று ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன், எந்த மணியில் இருக்கிறேன் என்றே தெரியாமல். அவரைப் பார்த்ததும் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார், வண்டி நின்ற இடத்தைத் தாண்டினால் ரோடு எது, கால்வாய் எது என்றே தெரியவில்லையாம். ஏதோ சினிமாக் கதை சொல்வதுபோலச் சொன்னார்.

இதிலிருந்து ஒரு மனுஷன் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்? அவர் தெரிந்துகொண்டது, வண்டிக்கு ஸ்நார்க்கல் வேண்டும் என்பதை. இன்ஜினுக்குக் காற்று போகிற வழியை பானெட் ஓரத்திலிருந்து கூரை உயரத்துக்குக் கொண்டுபோகிற கறுப்புக் குழாய் அது. நான் தும்பிக்கை என்றுதான் சொல்வேன். ஆசை தும்பிக்கையோடு நிற்குமா? பெரிய டயர், வண்டியைத் தூக்கி நிறுத்துகிற ஸ்பிரிங், சேற்றில் மாட்டினால் கம்பி போட்டு இழுக்கிற வின்ச் என்று வளர்ந்துகொண்டே போனது. சாப்பிடும்போதுகூட போனில் இதே வீடியோக்கள்தான்.

நான் ஒரு தப்புக் கணக்கு போட்டேன். அன்பியத்தில் பேச்சை எடுத்தால் நாலு பேர் புத்தி சொல்வார்கள் என்று நினைத்து, ஜெபம் முடிந்து டீ கொடுக்கும்போது விஷயத்தைப் போட்டு உடைத்தேன். ஒருவர் டயரை இன்னும் பெரிதாகப் போடச் சொன்னார். இன்னொருவர் பின்னால் ஏணி வைத்தால் பெண்கள் ஏற வசதி என்றார். ஒரு அக்கா, அடுத்த வாரம் வண்டிக்காக ஒரு மன்றாட்டு சேர்த்துக்கொள்ளலாம் என்றார். மழை வந்தால் அதில் ஏறப்போகிறவர்களிடமே போய் நியாயம் கேட்டிருக்கிறேன். என் கணவர் சுண்டலை மென்றபடி, என்னைப் பார்க்காமல் சிரித்தார்.

அந்தச் சனிக்கிழமை கரையான்சாவடியில் இந்தச் சாமான்கள் விற்கிற கடைக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரர் என்னைத்தான் சரிக்கட்ட வேண்டும் என்று பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"இத்த மாட்டிட்டா போதும்க்கா, பானெட் வரைக்கும் தண்ணி வந்தாகூட வண்டி நிக்காது."

அன்றைக்கு வண்டி நின்றதால்தான் இவர் எனக்குத் திரும்பக் கிடைத்தார். நிற்காமல் இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால்? அவரை வெளியே கூப்பிட்டு அதைச் சொன்னேன். அவர் ஜீப்பின் கதவில் சாய்ந்துகொண்டார்.

"யார்னா கூப்ட்டா என்னால போவாம இருக்க முடியாதும்மா. போறதுன்னு ஆயிடுச்சு, வண்டியாவது நல்லா இருக்கட்டுமே."

இந்தக் குணத்தைப் பார்த்துத்தான் இவரைக் கட்டிக்கொண்டேன். அதை விட்டுவிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"தும்பிக்கைய மட்டும் போட்டுக்குங்க," என்றேன். "ஆனா தண்ணில போறப்பல்லாம் நானும் பக்கத்துல உக்காந்துதான் வருவேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். உடனே ஒத்துக்கொண்டார்.

இந்த வருஷ மழையில் அதே தம்பதி கூப்பிட்டார்கள். அவர் ரெயின்கோட்டைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நான் சாவியை எடுத்துப்போய் முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டேன். என்னைப் பார்த்ததும் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

அதே கால்வாய்ச் சாலை. முன்னால் தண்ணீர் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. போயிருக்கலாம், தும்பிக்கைதான் இருக்கிறதே. ஆனால் வண்டியை நிறுத்தினார். இறங்கிப்போய், வேலியோரம் கிடந்த ஒரு சவுக்குக் கம்பை எடுத்துத் தண்ணீரில் ஊன்றி ஊன்றி நடந்து பார்த்தார். அவர் இப்படி ஆழம் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. திரும்பி வந்தபோது இடுப்புவரை நனைந்திருந்தார். ஏறி உட்கார்ந்து என் பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"வேணாம்மா," என்றார். "வண்டில நீ கீற."

ரிவர்ஸ் எடுத்து, மேட்டுப்பக்கமாக ஊரைச் சுற்றிப் போனோம். அந்த வழி போன வருஷமும் இருந்தது. தம்பதி மாடிப்படியில் பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஏன் இவ்வளவு நேரம் என்று பெரியவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டார். என் கணவர் பைகளைத் தூக்கிப் பின்னால் வைத்தார்.

இந்த மனுஷனுக்குப் பயமே கிடையாது என்று நினைத்து எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். பயம் இருக்கிறது, என்னை வைத்துத்தான் இருக்கிறது. இனி எத்தனை மழை பெய்தாலும் அந்த முன் சீட்டை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.